கழியைக் கட்டிப்பிடித்த நாள்

என் தம்பி தேசிங்கு படகில் எழுந்து நின்றுவிட்டான். கையில் படகு தள்ளுகிற கோல். அதை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியும்விட்டான்.

அவனுக்கு எதிரே, கோல் எட்டுகிற தூரத்தில், முன்பின் தெரியாத ஒருவன் இன்னொரு படகில் குனிந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டிருந்தான். கரைமேட்டில் இறால் பண்ணை மேனேஜர் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சாலையோரம் போலீஸ் வேன் நின்றது.

வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீரில் அழுகல் நாற்றம். பக்கத்துப் படகில் நானும் தேசிங்கின் பெண்டாட்டி முனியம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் பாதி உரித்த வெங்காயம்.

அந்தக் கோல் இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தேசிங்கு மேல் ஏற்கெனவே ஒரு அடிதடி கேஸ் இருந்தது. ஜாமீனில்தான் இருந்தான். இன்னொன்று விழுந்தால் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று வக்கீலே சொல்லத் தயாராக இல்லை.

### செத்து மிதந்த மடவைகள்

அங்கே நாங்கள் ஏன் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்ல வேண்டும்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்துக்கு எதிர்க்கரையில் ஒரு இறால் பண்ணை வந்தது. முதலாளி யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியூர்க்காரர் என்றார்கள். குளம் வெட்டினார்கள், மோட்டார் கொட்டகை போட்டார்கள், குளத்துத் தண்ணீரை வெளியே விட ஒரு வாய்க்காலும் ஷட்டரும் கட்டினார்கள். அந்த வாய்க்கால் நேராக ஏரியில் வந்து விழும்.

அவர்கள் ஷட்டரைத் திறக்கிற நாளில் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கும். அதில் இறங்கி வந்தால் கால் முழுக்க அரிப்பு. நான் மீன் விற்கிறவள். பழவேற்காடு மார்க்கெட்டில் கூடையை இறக்கினால், "எதிர்க்கரை மீனா? வேணாம்மா" என்று வாடிக்கைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் மடவை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை நெடுக மிதந்தன. காக்கைகூட அவற்றைத் தொடவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன். யாராவது அப்போது என் கையில் தீப்பெட்டியைக் கொடுத்திருந்தால் அந்தக் கொட்டகை நின்றிருக்காது.

மனு கொடுத்தோம். "பார்க்கிறோம்" என்றார்கள். மறுபடி கொடுத்தோம். மறுபடியும் "பார்க்கிறோம்" என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நண்டும் போய்விட்டது.

### பஸ்ஸில் ஆன சமாதானம்

இந்த இடத்தில் என் நைனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவோம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் நண்டுக் குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்று எழுதியதை விட்டுவிட்டு, "நைனா யாரு?" என்று கேட்டு எழுதிய வாசகருக்கும் இதுதான் பதில்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் பெரிய கலவரம் நடந்தது. எதற்கு என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வலையைக் கொளுத்தினார்கள், படகில் ஓட்டை போட்டார்கள், இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. என் நைனா யாரையும் அடிக்கவில்லை. வேடிக்கை பார்க்கப் போனார். கேஸில் அவர் பேரும் சேர்ந்தது.

அப்புறம் தொடங்கியது வாய்தா. பொன்னேரி கோர்ட்டுக்குப் போவார், சாயங்காலம் வருவார், "தள்ளிப் போட்டுட்டாங்க" என்பார். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளெல்லாம் அந்த வாய்தா நாளாகத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பொன்னேரிக்குப் போகிற பஸ் ஒன்றுதான். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். முதலில் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நாளில் சீட்டு பிடித்து வைத்தார்கள். அதற்கப்புறம் கோர்ட்டு வாசல் டீக்கடையில் ஒரே தட்டில் வடை. கடைசியில் எங்கள் நைனா அந்த ஊர்க்காரர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடப் போனார்.

சமாதானத்தை பஸ்ஸில் செய்துகொண்டவர்கள் ஊரிலேயே செய்துகொண்டிருந்தால் வலையாவது மிஞ்சியிருக்குமே என்று அம்மா சாகிற வரை திட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வாய்தான் எனக்கும்.

### முனியம்மா பேசினாள்

மடவை செத்து மிதந்த அன்று மத்தியானமே கங்கையம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம். ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கப்படி ஓரமாக நின்றோம்.

"இனிமே இன்னாத்துக்கு மனு? கொட்டாய கொளுத்து, தானா ஓடுவான்" என்றான் தேசிங்கு. அவன் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆமாம் போட்டார்கள். சிலர் பெட்ரோல் வாங்கி வரவே எழுந்துவிட்டார்கள். நாட்டாமை கையைக் காட்டி உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

அப்போதுதான் முனியம்மா வாயைத் திறந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் குரலைக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. வீட்டிலேயே அதிகம் கேட்க முடியாது.

"அந்த வாய்க்கா வாயையும் ஒரு பாடுனு சொல்லிடுங்களேன்" என்றாள்.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை போட்டால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் ஊரில் முறை போட்டு வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடம் இந்த வீடுகளுக்கு, நாளைக்கு அடுத்த வீடுகளுக்கு. அந்த முறைக்குப் பேர்தான் பாடு. ஒருவன் பாட்டில் நட்ட கழியை இன்னொருவன் தொட மாட்டான். பாடு நடக்கிற இடத்தில் எவன் கை நீட்டினாலும், நியாயம் யார் பக்கம் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அவன் வீட்டுக்கு அந்த வருஷம் முழுக்கப் பாடு கிடையாது. அதாவது சோறு கிடையாது.

பெட்ரோல் வாங்க எழுந்தவர்களே உட்கார்ந்துவிட்டார்கள். நாட்டாமை மட்டும் கேட்டார்: "அங்க ஏதும்மா மீனு? மீனு இல்லாத எடத்துல இன்னா பாடு?"

"மீனு பிடிக்க இல்ல. முறை வெச்சி குந்திக்கலாம். கழி நட்டு, வலை கட்டி, படகுல குந்துவோம். ஆளு குந்தினு இருக்கசொல்ல ஷட்டரைத் தொறந்து உட மாட்டான். பாடுனு சொல்லிட்டா நம்மாளு எவனும் கை நீட்ட மாட்டான்."

ஊரெல்லாம் அவள் மூளையை மெச்சியது. எனக்குத்தான் தெரியும், அவளுக்கு ஏரியும் வேண்டாம், மீனும் வேண்டாம். புருஷன் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க ஒரு வேலி தேடினாள். ஊர்க்கட்டுப்பாட்டைவிட உறுதியான வேலி அவளுக்குக் கிடைக்கவில்லை. தேசிங்கு போலீசுக்குப் பயப்பட மாட்டான். பாட்டுக்குப் பயப்படுவான்.

### இன்னிக்கு யார் பாடு?

பழைய பாடு இடத்தில் நட்டிருந்த சவுக்குக் கழிகளையே பிடுங்கி வந்து வாய்க்கால் வாயில் வரிசையாக நட்டார்கள். கழிக்குக் கழி வலை கட்டினார்கள். முறை வந்த வீட்டுக்காரர்கள் விடியும்போதே படகோடு வந்துவிடுவார்கள். ஆண்கள் வலை முடைவார்கள். நாங்கள் படகிலேயே அடுப்பு மூட்டி சோறாக்குவோம். ஷட்டர் மூடியே கிடந்தது.

ஆள் போதாத நாட்கள் வந்தன. எங்களுக்குப் பின்னால், உள்கரையில், கையாலேயே தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் நாளெல்லாம் இடுப்பளவு நின்று புண்ணானவர்கள் அவர்கள்தான். ஏரியில் அவர்களுக்குப் பாடு கிடையாது. எங்கள் ஆட்கள் தந்ததே இல்லை. இந்தப் பாட்டில் அவர்களுக்கும் முறை போட்டோம். பெரிய மனசு பண்ணிப் போட்டோம் என்று சொன்னால் பொய். ஆள் தேவைப்பட்டது, கூப்பிட்டோம். அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், பூட்ஸில் சேறு ஒட்டாமல் நிற்க இடம் தேடினார்.

"இங்க தலைவர் யாரு?"

"தலைவர்லாம் கெடியாது சார். இன்னிக்கு எங்க பாடு."

"நாளைக்கு வந்து யாருகிட்ட பேசறது?"

"நாளைக்கு யாரு பாடோ அவங்ககிட்ட பேசுங்க."

மறுநாள் வந்தார். வேறு முகங்கள், அதே பதில். அதற்கடுத்த நாளும் வந்தார். யாரைப் பிடித்துப் போவது என்று அவருக்கும் புரியவில்லை, கல் ஒன்று விழுந்தாலாவது பிடிக்கலாம், அதுவும் விழவில்லை. ஒரு நாள் முனியம்மா அவருக்கு டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, "சர்க்கரை ஜாஸ்திம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பறவை பார்க்க வருகிறவர்கள் படகில் போகும்போது எங்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். பட்டணத்து அம்மாள் ஒருத்தி, "என்ன திருவிழா?" என்று கேட்டாள். "பண்ணை ஷட்டருக்குக் காப்புக் கட்டியிருக்கோம்" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பாவம்.

இப்படி எழுதும்போது ஏதோ சுற்றுலா போன மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வாடைக் காற்றில் உடம்பு விறைக்கும், வெயிலில் தலை வெடிக்கும், பிடிக்கப் போகாத மீனுக்குப் பசி மட்டும் சரியாக வரும். கரையில் நின்று பண்ணை ஆட்கள் எங்கள் பெண்களைப் பார்த்து என்னென்னவோ சொல்வார்கள். திருப்பி ஒரு அறை விட்டால் அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்திருக்கும். விடாமல் இருந்ததுதான் பெரிய வேலை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று யாராவது எங்களைச் சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

### வாய்க்கு விதி இல்லை

எங்கள் வீடும் தேசிங்கு வீடும் ஒரே முறையில் வந்த நாள் அது.

காலையில் பண்ணைப் பக்கமிருந்து படகில் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் வலையை அறுத்தான், மற்றவர்கள் கழியைப் பிடுங்கினார்கள். அந்த வலை தேசிங்குடையது. ஈயக்குண்டு கட்டி முடித்து அதிக நாள் ஆகவில்லை. கண்ணுக்கு முன்னால் அது அறுந்து தொங்கியது.

மேனேஜர் ஏன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அறுப்பதை அவர் படம் எடுக்கவில்லை. தேசிங்கைத்தான் எடுத்தார். ஒரே ஒரு அடி விழட்டும் என்று காத்திருந்தார்.

கோல் மேலே போய்விட்டது.

"யோவ்!" என்று கத்தினாள் முனியம்மா. "இன்னிக்கு நம்ம பாடுய்யா!"

தேசிங்கு அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அழப்போகிறானா அடிக்கப்போகிறானா என்று சொல்ல முடியாத முகம்.

கோலைப் படகுக்குள் வீசினான். அப்படியே தண்ணீரில் குதித்தான். மார்பளவு தண்ணீரில் போய், அவர்கள் ஆட்டிக்கொண்டிருந்த கழியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். "புடுங்குடா பாக்கலாம்" என்றான். அவர்கள் இழுத்தார்கள். அவன் விடவில்லை.

அடுத்த படகிலிருந்து இன்னொருவர் குதித்தார். அப்புறம் எல்லாரும். ஆளுக்கொரு கழி. நானும் குதித்தேன். புடவை குடை மாதிரி மேலே வந்துவிட்டது. ஒரு கையால் மானத்தையும் இன்னொரு கையால் கழியையும் பிடித்துக்கொண்டேன்.

பாட்டில் கை நீட்டக் கூடாது என்றுதான் விதி. வாய் நீட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மார்க்கெட்டில் கற்றதையெல்லாம் அன்றைக்கு மொத்தமாக இறக்கினேன். அதில் அச்சில் போடக் கூடியது ஒரே வரிதான்: "அடுத்தவன் பாட்டுல கழி புடுங்குறியே, நீ கடக்கரையில பொறந்தவன்தானா?"

வலையை அறுத்தவன் நிமிர்ந்தான்.

"இன்னாது? பாடா?"

"பின்ன, பொழுதுபோக்குக்கா கழிய நட்டுனு கீறோம்?"

அவன் கழிகளைப் பார்த்தான். நட்டிருந்த வரிசையைப் பார்த்தான். "ஆக்கிரமிப்பு பண்றாங்க, பிரிச்சி எறினுதான் சொல்லி இட்டாந்தாங்க" என்றான். குரல் இறங்கிவிட்டது. "யாருதுக்கா இந்தப் பாடு?"

"நீ அறுத்த வலைக்காரனுது. தோ, கழிய கட்டிப்புடிச்சினு நிக்கிறான் பாரு."

அவன் கடலோரக் குப்பத்து ஆள் என்றும், அவன் மாமனார் வீடு ஏரிக்கரையில்தான் என்றும் அப்புறம் தெரிந்தது. பாட்டில் கழியைத் தொடுவது என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்தியைப் படகுக்குள் போட்டுவிட்டு மற்றவர்களையும் நிறுத்தச் சொன்னான்.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தேசிங்கு கோலை இறக்கியிருந்தால் அவன் மண்டை உடைந்திருக்கும். மண்டை உடைந்தவன் "யாருது பாடு" என்று கேட்பானா? அவன் ஆட்கள் எங்கள் மேல் பாய்ந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் கொட்டகையைக் கொளுத்தியிருப்பார்கள். செத்த மீனைப் பற்றி அதற்கப்புறம் யார் பேசியிருப்பார்கள்?

### வேன் திரும்பியது

சப்-இன்ஸ்பெக்டர் இந்த முறை பூட்ஸோடு சேற்றில் இறங்கி வந்தார். எங்களைக் கேட்கவில்லை. கத்தி வைத்திருந்தவனைக் கேட்டார். "யாரு அனுப்பினாங்க?" அவன் கரைமேட்டைக் கை காட்டினான். மேனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதை இப்படிக் குடுங்க சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அன்று சாயங்காலத்துக்குள் தாசில்தாரும் அவருக்கு மேலே இருக்கிறவரும் வந்தார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஷட்டருக்கு சீல் வைத்தார்கள். சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டு வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. அதற்கப்புறமும் அலைச்சல் இருந்தது, அதையெல்லாம் எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். நண்டு திரும்பி வர ஒரு மழைக்காலம் ஆனது. வந்தது.

எங்களை ஏற்றிப் போகக் கொண்டுவந்திருந்த வேன் காலியாகப் பழவேற்காடு பக்கம் திரும்பியது. அதன் பின்பக்கம் வளைவில் மறைகிற வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். என் நைனா ஏறிய பஸ்ஸில் என் தம்பி ஏற வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய வெற்றி வேறெதுவும் தெரியவில்லை.

தேசிங்கு கரையேறியபோதுதான் அவன் கையைப் பார்த்தோம். பழைய கழி அல்லவா, தண்ணீருக்குள் சிப்பி ஒட்டிக் கிடந்தது. அவர்கள் இழுக்க இழுக்க இவன் இறுக்கியதில் இரண்டு உள்ளங்கையும் கிழிந்து சதை தெரிந்தது. "வலிக்கலியாடா?" என்றேன். "இப்பதான்க்கா வலிக்குது" என்றான்.

கட்டுப் போட்ட கையால் சோறு பிசைய முடியாது. முனியம்மாதான் ஊட்டினாள். அதுவும் வீட்டுக்குள் இல்லை, வாசலில், ஊர் பார்க்க. அவ்வளவு கூச்சக்காரி, சோற்றை உருட்டி உருட்டி அவன் வாயில் வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் காது சிவந்துபோய்க் குனிந்துகொண்டான்.

கை பாதி ஆறிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "போதுண்டி. அவன் இன்னா கைக்கொழந்தயா? ஸ்பூன் குடு, அவனே துன்னுவான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

"ஊட்டுறதுக்கு ஆளு ஜெயிலுக்குப் போவாம வூட்ல கீதே அண்ணி" என்றாள்.

நான் சட்டியிலிருந்து இன்னொரு துண்டு மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.